தாடிக்கு மேல் முகக்கவசம்

கோலா கெத்தில்
14.6.2021

அன்புள்ள உமாவுக்கு,

நலம். நீயும் உன் அக்கா காஞ்சனாவும் அலோர் ஸ்டாரில் நலமாக இருக்க முருகன் துணை. போன வாரம் நீ போன் பண்ணியபோது நான் வழக்கம்போல் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேனாம். "பேச வரலைன்னா எழுதியாச்சும் தொலைங்க" என்று வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கூட வேலை செய்யும் முனியாண்டி சிரித்தான். சிரிக்கட்டும்.

ஒரு உதவி வேண்டும். நீ தோல் டாக்டர் கிளினிக்கில் கவுண்டரில் இருப்பதால் கேட்கிறேன். ஆலை கேட்டில் ஜாகாவாகக் காவல் நிற்கும் வேலை முன்பு போல் இல்லை. உள்ளே போகிறவர்கள் எல்லோருக்கும் நெற்றியில் காய்ச்சல் பார்க்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் முகக்கவசம். வெயிலில் நின்றால் உள்ளே வேர்த்து ஒழுகுகிறது. கன்னமெல்லாம் சிவந்து தடித்துவிட்டது, காதுக்குப் பின்னால் வார் அறுத்துப் புண். தாடிக்குள் அரிப்பு தாங்க முடியவில்லை.

தாடி ஏது என்று கேட்பாய். நீ பெட்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போன பிறகு வளர்க்கிறேன். ஒரு வேண்டுதல். இப்போது நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. அதற்கு மேல் முகக்கவசம் நிற்காமல் நழுவுவதால் வாரில் முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டுகிறேன். கிருமி வராமல் இருக்க உள்பக்கம் தைலம் தடவுகிறேன். புண்ணுக்குத் திருநீறு வைத்தேன். வேர்வையில் குழைந்து ஒட்டிக்கொண்டு இன்னும் எரிகிறது. என்ன செய்யலாம், கேட்டு எழுது.

வீடு அப்படியே இருக்கிறது. உன் கறிவேப்பிலைச் செடி கூரையைத் தொடுகிறது. பறிக்கத்தான் ஆளில்லை.

அன்புடன்,
குழந்தைவேலு


அலோர் ஸ்டார்
20.6.2021

என்னங்க,

கடிதம் கிடைத்தது. இரண்டு பக்கம்! நம் கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் நீங்கள் பேசியதை எல்லாம் கூட்டினாலும் இரண்டு பக்கம் தேறுமா என்று அக்காவிடம் கேட்டேன். அவள் மாவு கரைத்த கையோடு ஓடிவந்து வாங்கிப் படித்தாள். மாவு அப்பிய இடத்தில் இரண்டு வரி அழிந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முகக்கவசத்துக்குள் தைலம் தடவச் சொன்ன மகராசன் யார்? டாக்டரம்மாவிடம் சொன்னேன், தலையில் கை வைத்துக்கொண்டார். மூச்சின் ஈரமும் வேர்வையும் உள்ளேயே நிற்கும்போது தோல் ஊறிப்போய் மெலிந்துவிடுமாம். அதன் மேல் துணி உரசிக்கொண்டே இருந்தால் புண்தான். அங்கே போய்த் தைலத்தைத் தடவினால் எரியாமல் குளிருமா? திருநீறு நெற்றிக்கு. புண்ணுக்கு வேண்டாம்.

வேலைக்குப் போகுமுன் வாசனை இல்லாத சாதுவான சோப்பால் முகம் கழுவுங்கள். துணி துவைப்பது போலத் தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள். இதோடு வைத்திருக்கும் கிரீமை லேசாகத் தடவி, அரை மணி நேரம் கழித்து முகக்கவசம் போடுங்கள். காதுக்குப் பின்னாலும் மூக்குத் தண்டிலும் வாஸ்லின் கொஞ்சம். நனைந்துபோனதும் மாற்றிவிட வேண்டும், காய வைத்து அதையே திரும்பப் போடும் வேலை வேண்டாம். துணியில் போடுவதாக இருந்தால் தினமும் துவைத்து, சோப்பு நுரை போக நன்றாக அலசி, வெயிலில் போடுங்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆள் இல்லாத இடமாகப் போய்க் கழற்றி முகத்துக்குக் காற்றுக் காட்டுங்கள்.

அது இருக்கட்டும், தாடி எதற்கு? ஒரு நாள் சவரம் பண்ணாவிட்டால் முகம் நமைச்சல் என்று கத்துகிற ஆள் நீங்கள். யாருக்கு என்ன வேண்டுதல்? கால் வலிக்கா?

கறிவேப்பிலையைப் பறித்துப் பக்கத்து வீட்டு ராக்காயி அக்காவுக்குக் கொடுங்கள். பறித்தால்தான் துளிர்க்கும்.

உமாராணி


கோலா கெத்தில்
11.7.2021

அன்புள்ள உமாவுக்கு,

நீ சொன்னபடியே செய்கிறேன். காதுப் புண் ஆறிவிட்டது. கன்னத்தில் எரிச்சல் இல்லை. முனியாண்டிக்கும் அதே கிரீமை வாங்கச் சொன்னேன். "அண்ணி சொன்னா சரியா இருக்கும் லா" என்கிறான். உன்னை அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நான் சொல்லித்தான் தெரியும். ஆமாம், நான் பேசினேன். நம்பு.

காற்றுக் காட்டுவதற்கு ஒரு இடம் கண்டுபிடித்துவிட்டேன். ஜாகா அறைக்குப் பின்னால் ரம்புத்தான் மரம் இருக்கிறது. அங்கே யாரும் வரமாட்டார்கள். முகக்கவசத்தைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு உட்காருவேன். அந்த நேரத்தில் உன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். முன்பே இப்படிப் பேசியிருந்தால் என்னவாம் என்று நீ கேட்பது காதில் விழுகிறது.

கேட்டில் ஒரு நாளைக்கு எத்தனையோ தலை கடக்கிறது. ஒருவருக்கும் முகம் கிடையாது. யாரும் நின்று பேசுவதும் கிடையாது. நான் காய்ச்சல் மெஷினை நெற்றியில் காட்டி, எண்ணைப் படித்து, "முப்பத்தாறு புள்ளி ரெண்டு, ம், போ" என்பேன். அடுத்த நெற்றி வந்துவிடும். வீட்டுக்கு வந்தால் அந்த "ம்" சொல்லவும் ஆளில்லை. சோறு வடித்து, நின்றபடியே சாப்பிட்டுவிடுகிறேன்.

தாடிக்குள் மட்டும் சரியாகவில்லை. முடிக்கு முடி சீழ் கட்டிய பருவாகக் கிளம்பியிருக்கிறது. கிரீம் உள்ளே இறங்கவில்லை போலிருக்கிறது.

வேண்டுதல் என்னவென்று கேட்காதே. வெளியே சொன்னால் பலிக்காது. சுங்கைப் பட்டாணி முருகன் கோயிலில் தைப்பூசத்தன்று முடி இறக்குவதாக நேர்ந்தது. இந்த வருஷம் காவடியும் இல்லை, முடி இறக்குவதும் இல்லை. அதனால் நிற்கிறது.

தீபாவளிக்காவது கொரோனாத் தடையை நீக்கி ரோடு திறப்பார்களா? திறந்தால் வருவாயா?

அன்புடன்,
குழந்தைவேலு


அலோர் ஸ்டார்
25.7.2021

என்னங்க,

ரம்புத்தான் மரத்துக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அதனிடம் பேசுகிறீர்களே, அதுவும் பதில் சொல்லாமல் "ம்" கொட்டினால்தான் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

தாடிக்குள் வந்திருப்பது முடிக்கால் புண்ணாம். கிள்ளவோ பிதுக்கவோ கூடாது. சவரக்கத்தியும் கூடாது, அது இன்னும் கீறிவிடும். மிஷின் வைத்து ஒட்ட வெட்டிவிட்டால் காற்றும் படும், மருந்தும் இறங்கும், முகக்கவசமும் முகத்தில் ஒழுங்காக உட்காரும் என்கிறார் டாக்டரம்மா. அந்த நீளத் தாடிக்கு மேல் முகக்கவசம் போடுவது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கதவைப் பூட்டுவது மாதிரியாம். வெட்டிவிடுங்கள். காய்ச்சல் வந்தாலோ வீக்கம் பரவினாலோ உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். சாமி ஒன்றும் கத்தரிக்கோல் எடுத்ததற்குக் கணக்குக் கேட்காது.

மருந்து சொல்கிற என் முகமும் லட்சணமாக இல்லை. கிளினிக்கில் இரண்டு முகக்கவசம், அதற்கு மேல் கண்ணாடித் தடுப்பு. மூக்கில் மூக்குத்தி அழுத்தி அழுத்தி வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. கழற்றிவிட்டேன். வயதுக்கு வந்தபோது அம்மா குத்திவிட்டது. துளை மூடிக்கொண்டது. அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். முடியும் வார்களில் சிக்குகிறது என்று கழுத்தளவுக்கு வெட்டிவிட்டேன். கண்ணுக்குக் கண்ணாடியும் வந்துவிட்டது. பார்த்தால் உங்களுக்கே அடையாளம் தெரியாது.

சாயங்காலம் வந்து முகம் கழுவி, கண்ணாடி முன்னால் நிற்கும்போதுதான் எனக்கு வாய் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வருகிறது. அக்கா டிவி பார்த்தபடியே தூங்கிவிடுகிறாள். இங்கே பேச ஆள் இருக்கும் என்றுதான் வந்தேன்.

தீபாவளிக்கு வருவதைப் பற்றி இப்போது கேட்காதீர்கள். முதலில் தாடி.

உமாராணி


கோலா கெத்தில்
5.9.2021

அன்புள்ள உமாவுக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. பயப்படாதே, கொரோனா இல்லை. தாடையில் ஒரு கட்டி எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கிக் காய்ச்சல் வந்துவிட்டது. வாயைத் திறக்க முடியவில்லை. ராக்காயி அக்காதான் கஞ்சி வைத்துக் கதவருகில் வைத்துவிட்டுப் போவார். முனியாண்டி கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். கீறிச் சீழ் எடுத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் சின்னப் பையன். "அங்கிள், தாடிய எடுத்தாதான் கட்டு நிக்கும், இல்லாட்டி கட்டி திரும்ப வரும்" என்றான். முடியாது என்று, கட்டுப் போட்ட இடத்தைச் சுற்றி மட்டும் வெட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஆடு மேய்ந்த புல் மாதிரி இருக்கிறது என் முகம்.

நீ திட்டுவாய். அதனால் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலில் கிடந்தபோது, இதைச் சொல்லாமலே போய்விட்டால் என்ன ஆவது என்று தோன்றியது.

நீ போனபின் வந்த தைப்பூசத்தில், போன வருஷம், வேண்டிக்கொண்டேன். நீ திரும்பி வந்து இந்த வீட்டுப் படி ஏறினால், உன்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு முருகன் முன்னால் முடி இறக்குகிறேன், அதுவரை கத்தி படாது என்று. அவ்வளவுதான் உமா. கால் வலிக்கு இல்லை. தைப்பூசம் நடக்காததால் நிற்கிறது என்று எழுதியது சாக்கு.

இப்போது எடுத்துவிட்டால், நீ வரமாட்டாய் என்று நானே ஒத்துக்கொண்டது போல் ஆகிவிடும். எப்படி எடுப்பேன்?

குழந்தைவேலு


அலோர் ஸ்டார்
11.9.2021

என்னங்க,

கடிதத்தைக் கிளினிக்கில் வைத்துப் படித்துத் தொலைத்தேன். அழுகிற முகத்தோடு கவுண்டரில் நிற்க முடியாமல் மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன்.

முதலில் அழுகை, பிறகு கோபம். கோபம்தான் இன்னும் இருக்கிறது. ஒன்றரை வருஷமாக என்னை உங்கள் தாடையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறீர்கள், எனக்கே தெரியாமல். நான் வராததால் உங்களுக்குச் சீழ் பிடித்ததாம். நாளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் ஊரில் என்ன சொல்வார்கள்? பெண்டாட்டி வராத ஏக்கத்தில் அழுகிச் செத்தான் என்பார்கள். அதையும் நான் சுமக்க வேண்டுமா?

முருகனிடம் கேட்டீர்கள். என்னிடம் ஒரு தடவை கேட்டீர்களா? நான் பெட்டி கட்டிய அன்று நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். "போறேங்க" என்றேன். "ம்" என்றீர்கள். டாக்சி சத்தம் போட்டது. "போகாத உமா" என்று ஒரு வார்த்தை வருமா என்று வாசலில் செருப்பை மாட்டி மாட்டிக் கழற்றினேன். நீங்கள் என்னை அடித்ததில்லை, குடித்ததில்லை. ஒரு மனுஷி வீட்டில் இருக்கிறாள் என்று பார்த்ததுமில்லை. அதற்காகத்தான் வந்தேன். உங்களுக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

உங்கள் வேண்டுதலுக்குக் காணிக்கையாக நான் வரமாட்டேன். தாடியை எடுங்கள். கோயிலில் இரண்டு வெள்ளிப் பணம் உண்டியலில் போட்டு மன்னிப்புக் கேளுங்கள், முருகனுக்கும் பெண்டாட்டி உண்டு, அவருக்குப் புரியும். முகம் ஆறட்டும். அதற்குப் பிறகு உங்களுக்கு என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள்.

மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள், ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும்.

உமாராணி


கோலா கெத்தில்
12.10.2021

அன்புள்ள உமாவுக்கு,

எடுத்துவிட்டேன். முனியாண்டி மிஷின் கொண்டு வந்தான். ரம்புத்தான் மரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து ஒட்ட வெட்டினான். கீழே கிடந்ததைப் பார்த்து, "இவ்வளவு முடியயா அண்ணே மூஞ்சில தூக்கிட்டுத் திரிஞ்சீங்க?" என்றான். வாரிக் குழியில் போட்டு மூடினேன். கோயிலுக்குப் போய் நீ சொன்னபடியே உண்டியலில் போட்டேன். முருகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது அங்கே இல்லை என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது.

மருந்து இப்போது நன்றாக இறங்குகிறது. பரு எல்லாம் வற்றிவிட்டது. தாடையில் ஒரு தழும்பு நிற்கும் போலிருக்கிறது. முகக்கவசம் கன்னத்தோடு ஒட்டி உட்காருகிறது. காற்றுப் பட்டால் முகம் கூசுகிறது.

ரோட்டுத் தடையை எடுத்துவிட்டார்கள். பஸ் ஓடுகிறது.

உமா, வீட்டுக்கு வா.

வேண்டுதல் இல்லை, முடிச்சு இல்லை. வராவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகிவிடாது, மருந்து போட்டுக்கொண்டு வேலைக்குப் போவேன். ஆனால் நீ வர வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. இதைப் போனில் சொல்லலாம் என்று எண்ணை அழுத்தி அழுத்தி வைத்துவிட்டேன்.

இந்த மாதம் முழுக்கப் பகல் வேலை. சாயங்காலம் ஷிப்ட் மாறும் வரை கேட்டில் இருப்பேன்.

உன்,
குழந்தைவேலு


அலோர் ஸ்டார்
31.10.2021

என்னங்க,

நேற்று வந்திருந்தேன்.

சுங்கைப் பட்டாணியில் பஸ் மாறி, உங்கள் ஆலைக்கு எதிரில் இறங்கினேன். பெட்டியோடுதான் வந்தேன். அதை எதிரே சின்னையா மளிகைக் கடையில் வைத்துவிட்டு ரோட்டைக் கடந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஷிப்டுக்கு உள்ளே போகிறவர்கள் வரிசையாக நின்றார்கள். உங்களை ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே கண்டுகொண்டேன். முகக்கவசத்துக்குக் கீழே தாடி இல்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? சின்னப் பெண் மாதிரி ஒரு விளையாட்டுத் தோன்றியது. பெயர் சொல்லாமல் வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர நகர நானும் ஓரடி ஓரடியாக வந்தேன்.

என் முறை வந்தது. நெற்றியில் காட்டினீர்கள். மெஷினைப் பார்த்தீர்கள்.

"முப்பத்தாறு புள்ளி மூணு. ம், போ" என்றீர்கள்.

நான் நகரவில்லை. பேசியிருக்கலாம், நீங்களே கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தேன். உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் எனக்குப் பின்னால் நின்ற நெற்றிக்குக் கையை நீட்டினீர்கள். "தள்ளு லா, மழை" என்றான் பின்னால் இருந்தவன். தள்ளிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றேன். பிறகு கடைக்குத் திரும்பி வந்து பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

முடி வெட்டியிருக்கிறேன், கண்ணாடி போட்டிருக்கிறேன், மூக்குத்தி இல்லை, முகம் முழுக்க மூடியிருந்தது, மழை வேறு. எல்லாம் தெரியும். அடையாளம் தெரியாது என்று நானே எழுதியிருந்தேன். பஸ்ஸில் இதையெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் நீங்கள் என் கண்ணைப் பார்க்கவில்லை. பார்த்துத் தெரியாமல் போயிருந்தால் பரவாயில்லை. எண்ணைத்தான் பார்த்தீர்கள்.

அழுத கண்ணீர் முகக்கவசத்துக்குள் இறங்கி, இன்னும் ஆறாத மூக்குப் புண்ணில் பட்டு, அலோர் ஸ்டார் வரைக்கும் எரிந்தது.

உங்களுக்காக வாங்கிய புதுக் களிம்பும் அக்கா சுட்ட முறுக்கும் சின்னையாவிடம் கொடுத்திருக்கிறேன். களிம்பு, தூங்கப் போகுமுன் தழும்பின் மேல் மெல்லிசாக. முறுக்கு நமத்துப்போகுமுன் சாப்பிடுங்கள்.

கேட்டதற்கு நன்றி. நிஜமாகவே சொல்கிறேன். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று அக்காவைக் கேட்டால் சொல்வாள். இனி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

உமாராணி


கோலா கெத்தில்
2.5.2022

அன்புள்ள உமாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே அலோர் ஸ்டாருக்கு வந்தேன். நீ உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னாய். காஞ்சனாவுக்குப் பொய் சொல்ல வராது, தெரிந்துவிட்டது. வாசலில் செருப்பை மாட்டி மாட்டிக் கழற்றினேன். அதற்குப் பிறகு எழுதியவற்றுக்கும் பதில் இல்லை. போஸ்ட் ஆபீசில் கேட்டேன், சேர்ந்துவிட்டதாம். சேர்ந்தால் போதும்.

முறுக்கை நமத்த பிறகுதான் சாப்பிட்டேன். களிம்பு தீர்ந்துவிட்டது. தழும்பு மங்கிவிட்டது, தடவினால்தான் தெரியும். முகத்தில் வேறு ஒன்றும் இல்லை. தினமும் சவரம் செய்யாமல் ஒன்றுவிட்டு ஒரு நாள் மிஷின் வைக்கிறேன். தாடி திரும்ப வளர்க்கவில்லை, எதையும் வேண்டிக்கொள்ளவும் இல்லை. உன் மூக்குப் புண் ஆறியதா என்பதுதான் தெரியவில்லை. ஆறியிருந்தால் மூக்குத்தியை மறுபடி குத்திக்கொள். உன் அம்மா குத்தியது, எனக்காக இல்லை.

கறிவேப்பிலையைப் பறித்து ராக்காயி அக்காவுக்குக் கொடுக்கிறேன். நீ சொன்னபடியே துளிர்க்கிறது.

நேற்றிலிருந்து வெளியில் முகக்கவசம் கட்டாயம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பசார் கடைத்தெருவில் பாதிப் பேர் கழற்றிவிட்டார்கள். எதிர் வீட்டுக்காரருக்கு முன்பல் இல்லை என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் ஆலையில் மட்டும் இன்னும் விடவில்லை. கேட்டில் முகக்கவசமும் உண்டு, நெற்றியில் காட்டுவதும் உண்டு.

நான் இப்போது மெஷினைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் கண்ணைப் பார்க்கிறேன், வருகிற ஒவ்வொருவரையும். கண்ணாடி போட்ட பெண்களாக இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம். "காலை வணக்கம், சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறேன். சில பேர் பயப்படுகிறார்கள். சில பேர் பதில் சொல்கிறார்கள். வரிசை ரோடு வரைக்கும் நிற்கிறது என்று சூப்பர்வைசர் தினமும் திட்டுகிறார்.

திட்டட்டும்.

உன்,
குழந்தைவேலு